அண்ணத்துக் காயமும் அதன்மேல் பூசப்பட்டவையும்: முரசு ஒட்டுச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ஒரு நிகழ்வு ஆய்வு

மேல் அண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, முரசு (ஈறு) இறங்கிய இடத்தில் தைப்பதே முரசு ஒட்டுச் சத்திரசிகிச்சை. அதற்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒட்டு வைக்கப்படும் இடத்தைப் பற்றியே கேட்கிறார்கள். வீடு திரும்பிய பின் அவர்களைப் படுத்துவதோ ஒட்டு எடுக்கப்பட்ட இடமாகவே இருக்கிறது. கீழ் முரசில் தைக்கப்பட்ட ஒட்டு பெரும்பாலும் வலியின்றி ஒட்டிக்கொள்ளும்போது, மேல் அண்ணத்தில் தோல் உரிந்தாற்போல் விடப்பட்ட காயம் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் நாக்கால் உரசப்பட்டு, ஓரிரு வாரங்களுக்குத் தன்னை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காயத்தின்மேல் எதைப் பூசலாம், எதைப் பூசக் கூடாது, பூசியது உண்மையில் எவ்வளவு உதவியது என்பதை, மட்டக்களப்பில் சிகிச்சை பெற்ற ஒருவரின் அனுபவத்தை வைத்து இங்கே ஆராய்கிறோம். நோயாளியின் சம்மதம் பெறப்பட்டுள்ளது; அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

நோயாளி

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த, 36 வயதான தமிழ்ப் பாட ஆசிரியை. கீழ்த்தாடையின் நடு வெட்டும் பற்கள் இரண்டிலும் முரசு இறங்கி வேர் தெரிவதாகவும், பல் துலக்கும்போது அந்த இடம் எரிவதாகவும், அதனால் அங்கே தூரிகை வைக்கவே தயங்குவதாகவும் கூறினார். பரிசோதனையில் ஒரு பல்லில் 4 மில்லிமீற்றரும் மற்றதில் 3 மில்லிமீற்றரும் முரசு இறங்கியிருந்தது. எலும்போடு இறுக ஒட்டிய தடித்த முரசு 1 மில்லிமீற்றருக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. கீழுதட்டை முன்னே இழுத்தபோது, உதட்டையும் முரசையும் இணைக்கும் மடிப்பு முரசின் விளிம்பையே அசைத்தது. துலக்க முடியாததால் ஊத்தை படிவதும், ஊத்தை படிவதால் முரசு வீங்கி மேலும் வலிப்பதுமாக ஒரு சுழற்சிக்குள் அவர் இருந்தார்.

நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லை. புகைத்தல், வெற்றிலை போடுதல் இல்லை. ஆனால் பல வருடங்களாகக் கேஸ்ட்ரைட்டிஸ் உண்டு. ஒருமுறை வலிக் குளிசை எடுத்து வயிற்றெரிவு கடுமையாகி வைத்தியசாலையில் தங்க நேர்ந்தது. இபுபுரோபன் வகை மருந்துகளை இவருக்குக் கொடுக்க முடியாது என்பதும், பரசிற்றமோல் ஒன்றையே நம்பியிருக்க வேண்டும் என்பதும் தொடக்கத்திலேயே தெரிந்ததால், மேற்பூச்சு மருந்துகளுக்கு வழமையைவிட அதிக முக்கியத்துவம் கொடுக்க வேண்டியிருந்தது.

அண்ணத்திலிருந்து மேற்படையோடு சேர்த்துத் துண்டு எடுத்து ஒட்டும் முறை புதியதல்ல. 1963இல் பியோர்ன் இதை விபரித்தார். 1968இல் சல்லிவனும் அட்கின்ஸும் அதன் அடிப்படை விதிகளை வகுத்தனர். 1985இல் பேர்ட்டன் லாங்கரும் லோரீன் லாங்கரும் அறிமுகப்படுத்திய, மேற்படையைத் திறந்து உள்ளிருக்கும் இணைப்பிழையத்தை மட்டும் எடுத்து மீண்டும் மூடித் தைக்கும் முறை அண்ணத்துக்கு இதமானது. வேரை மூடுவதற்கும் அழகுக்கும் அதுவே சிறந்தது. ஆயினும் இவருக்குத் தேவைப்பட்டது வேரை முழுதாக மூடுவது அன்று. உதட்டின் இழுப்பை நிறுத்தி, துலக்கினால் தாங்கக்கூடிய தடித்த முரசை அங்கே உருவாக்குவதும், உதட்டுக்கும் முரசுக்கும் இடையிலான பள்ளத்தை ஆழப்படுத்துவதுமே நோக்கம். அதற்குப் பழைய முறையே பொருத்தம் எனத் தீர்மானித்தோம். ஒட்டின் நிறம் அயலிலுள்ள முரசோடு பொருந்தாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. கீழுதடு மறைக்கும் இடமாதலால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

சத்திரசிகிச்சை

சத்திரசிகிச்சைக்கு முன்னரே மேல்தாடையின் அச்சு எடுக்கப்பட்டு, அண்ணம் முழுவதையும் மூடும் மெல்லிய பிளாஸ்ரிக் பிளேட் ஒன்று தயாரிக்கப்பட்டிருந்தது. 1:80,000 அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெயின் ஊசியால் இரு இடங்களும் விறைக்கச் செய்யப்பட்டன. கீழ் முரசில் ஒட்டுக்கான படுக்கை தயாரிக்கப்பட்டு, இழுக்கும் மடிப்பு விடுவிக்கப்பட்டது. படுக்கையின் அளவுக்கு வெட்டிய ஈயத்தாளை வலப்பக்க அண்ணத்தில், முன்கடைவாய்ப் பற்களுக்கு உட்புறமாக வைத்து, அதன் ஓரமாகவே கீறி, 14 மில்லிமீற்றர் நீளமும் 6 மில்லிமீற்றர் அகலமும் ஏறக்குறைய 1.5 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட துண்டு எடுக்கப்பட்டது. அண்ணத்தின் பெரிய நாடி சராசரி உயரமுள்ள அண்ணத்தில் பல்லின் கழுத்திலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தொலைவில் ஓடும். தாழ்ந்த அண்ணத்தில் அது 7 மில்லிமீற்றரிலேயே எதிர்ப்படலாம். ஆகையால் துண்டு நீளமாகவும் ஒடுக்கமாகவும் எடுக்கப்பட்டது. காயம் ஆறுவதற்கும் அவ்வடிவமே நல்லது. அதற்கான காரணம் பின்னர் வரும்.

ஒட்டு 5-0 நூலால் தைக்கப்பட்டு, அடியில் குருதி தேங்காதிருக்க ஈரத் துணியால் ஐந்து நிமிடம் அழுத்தப்பட்டது. அண்ணத்துக் காயத்தில் ஜெலற்றின் பஞ்சு வைத்து, அதன்மேல் குறுக்கு நெடுக்காகப் பட்டுநூல் தையல் போட்டு, பிளேட் பொருத்தப்பட்டது. முதல் இரு நாட்களும் பிளேட்டைக் கழற்ற வேண்டாம், பின்னர் உணவுக்குப் பின் கழற்றிக் கழுவிவிட்டு உடனே போட வேண்டும், கழுவுவதற்குச் சுடுதண்ணீர் பயன்படுத்தக் கூடாது என்று கூறப்பட்டது. செயற்கைப் பற்களைக் கொதிநீரில் ஊறவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு; இந்த மெல்லிய பிளாஸ்ரிக் அதில் வளைந்து விட்டால் பின்னர் பொருந்தாது.

மருந்தாகப் பரசிற்றமோல் 1 கிராம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், கிருமிகளை அடக்கும் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நாளுக்கு இருமுறையும் கொடுக்கப்பட்டன. பற்பசையிலுள்ள நுரைக்கும் பொருள் குளோர்ஹெக்சிடினைச் செயலிழக்கச் செய்வதால், துலக்கியதற்கும் கொப்பளிப்பதற்கும் இடையே அரை மணித்தியாலமாவது விட வேண்டும். கொப்பளிக்கும் காலத்தில் பிளேன்டீ குடித்தால் பற்களில் கறை பிடிக்கும், கறியில் உப்பே தெரியாதது போலிருக்கும் என்பவற்றையும் சொல்லிவைத்தோம். இல்லாவிட்டால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுவார்கள்.

ஐந்தாம் நாள்

முதல் மூன்று நாட்களும் 0 முதல் 10 வரையான வலி அளவுகோலில் அவர் 2 அல்லது 3 என்றே குறித்திருந்தார். நான்காம் நாள் பாடசாலைக்குத் திரும்பினார். பிளேட் போட்ட வாயால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே ஒலித்ததால், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியை என்ற வகையில் அது அவருக்குச் சங்கடமாக இருந்தது. முதல் பாடவேளையிலேயே பிளேட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டார். மாலையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டபோது அண்ணம் தீயாய் எரிந்தது. கச்சான் காற்று வீசும் காலம். இரவு மின்விசிறிக்குக் கீழே வாயைத் திறந்தபடி உறங்கி, வறண்ட அண்ணத்தோடு நள்ளிரவில் விழித்தார். அவருடைய தாயார் வீட்டிலிருந்த கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் காயத்தில் வைத்தார். சில நிமிடங்கள் விறைத்தாற்போல் இருந்தது. பின்னர் வலி முன்னிலும் கடுமையானது.

ஐந்தாம் நாள் காலை தாயும் மகளும் ஒன்றாகவே வந்தனர். "பஞ்சில தொட்டு ஒரு சொட்டுத்தான் வெச்சன் டொக்டர், பல்லு வலிக்கு அதானே நாங்க போடுற" என்றார் தாயார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. கராம்பு எண்ணெயின் பெரும்பகுதியான இயூஜினோல், சொத்தைப் பல்லின் குழிக்குள் நரம்பை மரக்கச் செய்யும். பல் வைத்தியரும் அதைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் பல்லின் கடின இழையம் தாங்குவதை மென்சவ்வு தாங்காது; நேரடியாகப் பட்டால் கலங்களைக் கொன்று இரசாயனச் சூட்டுப் புண்ணை உண்டாக்கும். முரசுச் சத்திரசிகிச்சைக்குப் பின் வைக்கும் காப்புப் பசைகளிலிருந்தே இயூஜினோல் நீக்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பார்த்தபோது, காயத்தின்மேல் மஞ்சள் கலந்த வெண்ணிறப் படலம் இருந்தது. தாயார் அதைச் சீழ் என்று அஞ்சியிருந்தார். உண்மையில் அது காயம் ஆறுகையில் எல்லோருக்கும் தோன்றும் பைபிரின் (குருதி உறையும்போது உருவாகும் புரதம்) படலம், துடைத்தெடுக்கக் கூடாதது. அதற்கு அப்பால், காயமே இல்லாத இடத்தில், பின்பக்கமாக ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்கு மென்சவ்வு வெளுத்துச் சுருங்கி, ஈரத் துணியால் ஒற்றியும் அகலாமல், தொட்டால் துடிக்கும் அளவுக்கு நோவாக இருந்தது. அதுவே கராம்பு எண்ணெயின் வேலை. ஜெலற்றின் பஞ்சு கரைந்துவிட்டிருந்தது. ஒரு தையல் தளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. காய்ச்சலோ, கழுத்தில் நெறிக்கட்டோ, துர்நாற்றமோ இல்லை. கீழே ஒட்டு வெளிறி, மேற்படை ஈரத் தாள் போல் உரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் இளஞ்சிவப்புத் தெரிந்ததால் புதிய குருதிக் குழாய்கள் வந்து சேர்ந்துவிட்டன என்று கொள்ள முடிந்தது. முதல் மூன்று நாட்கள் ஒட்டு படுக்கையிலிருந்து ஊறும் திரவத்திலேயே பிழைத்திருக்கும். அதன் பின்னரே குழாய்கள் இணையத் தொடங்கும். வலி 8.

அன்று செய்தவை: உப்புநீரால் மெதுவாகக் கழுவித் தளர்ந்த தையல் அகற்றப்பட்டது. பிளேட்டின் பின் விளிம்பு உரசிய இடம் 2 மில்லிமீற்றர் தேய்க்கப்பட்டது. காயம் பக்கவாட்டிலேயே இருந்ததால், முன்பற்களுக்குப் பின்னால் நாக்கு நுனி தொடும் பகுதி முழுவதாக வெட்டி எடுக்கப்பட்டது. அதன் பின் ல என்றும் ள என்றும் சொல்லிப் பார்க்கச் செய்தோம். வகுப்புக்குப் போதுமான அளவு பிரிந்தே ஒலித்தன. பிளேட்டின் உட்பக்கத்தில் காயம் படும் இடத்தில் 0.2 சதவீத ஹையலுரோனிக் அமில ஜெல்லை மெல்லிய படையாகப் பூசி நாளுக்கு மூன்று முறை போடவும், உணவுக்குச் சற்று முன் வலி தணிக்கும் 0.15 சதவீத பென்சிடமைன் கொப்பளிப்பைப் பயன்படுத்தவும் பணித்தோம். பென்சிடமைன் திறந்த புண்ணில் சிறிது எரியும்; எரிந்தால் சம அளவு தண்ணீர் கலக்கலாம். அது வாயை மரக்கச் செய்வதால் சூடான சாப்பாடு வேண்டாம் என்பதை வலியுறுத்தினோம். மரத்த வாய்க்குச் சூடு தெரியாது, வெந்த பிறகே தெரியும். ஆறவைத்த கஞ்சியும் எருமைத் தயிரும் குழைந்த சோறும் போதும். தயிரைப் பற்றிச் சொன்னபோதுதான் தாயாரின் முகம் தெளிந்தது. மட்டக்களப்பில் அதற்கு மறுப்புச் சொல்வார் இல்லை.

ஆறாம் நாள் தொலைபேசியில் வலி 5 என்றார். ஏழாம் நாள் 3, பத்தாம் நாள் 1. பத்தாம் நாள் தையல்கள் அகற்றப்பட்டன. வெளுத்திருந்த இடம் உரிந்து சிவந்து ஆறத் தொடங்கியிருந்தது. பதினான்காம் நாள், 3 சதவீத ஐதரசன் பரவொட்சைட்டு சில துளிகள் காயத்தில் விடப்பட்டன. மேலணி (இழையத்தின் மேற்படை) மூடாத இடத்தில், அடியிலுள்ள இழையத்தின் கற்றலேசு நொதியம் அதைச் சிதைத்து ஒட்சிசனை வெளியேற்றுவதால் நுரைக்கும். மூடிய இடம் அமைதியாக இருக்கும். அன்று நடுவில் மட்டும் ஒரு கோடாக நுரைத்தது. இருபத்தெட்டாம் நாள் நுரையே இல்லை.

எது ஆற்றியது?

ஜெல் ஆற்றியது என்று எழுதிவிட்டால் இந்த அறிக்கை அழகாக முடிந்துவிடும். ஆனால் ஐந்தாம் நாள் ஒன்றல்ல, நான்கு காரியங்கள் ஒன்றாக நடந்தன: கராம்பு எண்ணெய் நின்றது, பிளேட் திரும்பி வந்தது, ஜெல் சேர்ந்தது, பென்சிடமைன் சேர்ந்தது. இவற்றில் எது எவ்வளவு உதவியது என்பதைத் தனி ஒருவரின் நிகழ்விலிருந்து பிரித்தெடுக்க இயலாது. அத்துடன், அண்ணத்தில் விடப்பட்ட இத்தகைய காயம் எதுவும் பூசாமலேயே இரண்டு முதல் நான்கு வாரங்களில் மூடிக்கொள்ளும். இவருக்கு நான்காம் வாரத்தில் மூடியது; அது வழமையின் எல்லைக்குள்தான். ஆகவே ஆறிய வேகத்தைக் காட்டி எந்த மருந்துக்கும் பெருமை சேர்க்க முடியாது.

வலியைப் பற்றிச் சற்று உறுதியாகப் பேசலாம். பிளேட் இருந்த மூன்று நாட்களும் அதே காயம், அதே பரசிற்றமோல், ஜெல் எதுவும் இல்லாமலேயே வலி 3ஐத் தாண்டவில்லை; பிளேட் போனதும் எரிவு தொடங்கியது. திறந்த காயத்தின் நரம்பு முனைகளை நாக்கும் உணவும் காற்றும் தீண்டுவதே இந்த வலியின் மூலம் என்பதால், மூடிவைப்பது மருந்தைவிட முந்திய சிகிச்சை என்பதே எமது கருத்து. கராம்பு எண்ணெய் இடையில் குறுக்கிட்டதால் இந்த ஒப்பீடும் தூய்மையானதன்று. ஆயினும் எரிவானது கராம்பு எண்ணெய் வைப்பதற்கு முன்னரே, சாப்பாட்டு வேளையில் தொடங்கியது என்பதை மறக்கலாகாது. வெளியாகியுள்ள ஒப்பீட்டு ஆய்வுகளும் இதே திசையிலேயே நிற்கின்றன. ஜெலற்றின் பஞ்சின்மேல் சயனோஅக்ரிலேற்றுப் பசையைப் படலமாக இட்டு மூடுவது, நோயாளியின் சொந்தக் குருதியைச் சுழற்றி எடுக்கும் பைபிரின் சவ்வை வைப்பது ஆகிய இரண்டும் வலியைக் குறைப்பதாகக் காட்டப்பட்டுள்ளன. இரண்டுமே முதலில் மூடிகள். பைபிரின் சவ்வுக்கு மையநீக்கச் சுழற்சி இயந்திரம் வேண்டும். இச்சிகிச்சை நடந்த கிளினிக்கில் அது இல்லை.

காயத்தின் அளவும் ஆழமும் அடுத்த காரணி. 2010இல் ஸுக்கெல்லியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், எடுத்த துண்டின் உயரமும் ஆழமும் கூடக்கூட வலிக் குளிசைப் பாவனையும் கூடியது. மேலணி ஓரங்களிலிருந்தே உள்நோக்கி ஊர்ந்து வருவதால், ஒரே பரப்பளவுள்ள சதுரக் காயத்தைவிட ஒடுங்கிய நீள்காயம் விரைவாக மூடும். நோயாளியின் இரண்டாம் வாரத்து வலியை எந்த ஜெல்லைவிடவும் கத்தி பிடித்தவரின் கை அதிகம் தீர்மானிக்கிறது.

இனி மருந்துகள். வாயில் பூசும் எதற்கும் முதல் எதிரி உமிழ்நீர். நாளுக்கு அரை லீற்றர் முதல் ஒன்றரை லீற்றர் வரை சுரந்து, பூசியதைச் சில நிமிடங்களில் கழுவிக்கொண்டு போய்விடும். ஹையலுரோனிக் அமிலம் நம் இழையங்களில் இயல்பாகவே உள்ளது. நீரைப் பிடித்துவைத்துக் காயத்தை ஈரமாக வைத்திருக்கும். அண்ணத்துக் காயத்தில் அது வலியைக் குறைத்ததாக ஒப்பீட்டு ஆய்வுகள் உண்டு. வெறும் விரலால் பூசினால் நாக்கே அதை வழித்துவிடும் என்பதால்தான் பிளேட்டின் உட்பக்கத்தில் வைத்தோம். லிக்னோகெயின் ஜெல்லின் விறைப்பு அரை மணித்தியாலம் நீடித்தாலே அதிகம். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் அது உதவும். குளோர்ஹெக்சிடின் ஊத்தையைத் தடுக்கும், வலியைக் குறைக்காது, ஆய்வுகூடத்தில் இணைப்பிழையக் கலங்களுக்கு அது நஞ்சாகவும் காணப்பட்டுள்ளது. ஆகவே துலக்க முடியாத முதல் இரு வாரங்களோடு அதை நிறுத்திவிடுவது நல்லது.

வாய்ப்புண்ணுக்கென்று பாமசியில் சீட்டு இல்லாமலே வாங்கும் பசைகள் இங்கே பொருந்தா. அவற்றில் சில ஸ்ரீரோயிட்டு கலந்தவை; அது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம். சலிசிலேற்று கலந்தவையோ மீண்டும் மீண்டும் பூசினால் மென்சவ்வைப் பொசுக்கும். நோயாளியிடம் "வேறு ஏதாவது பூசினீர்களா" என்று கேட்டால் இல்லை என்பார். "பாமசியில் என்ன தந்தார்கள்" என்று கேட்டால் குழாயையே எடுத்துக் காட்டுவார்.

கராம்பு எண்ணெய்க்குப் பதிலாகத் தேன் வைக்கலாமா என்று தாயார் கேட்டார். வாகரைப் பக்கத்துக் காட்டுத் தேன் வீட்டில் இருந்தது. கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது: தேனின் அமிலத் தன்மையும், செறிந்த சீனியும், அதில் உருவாகும் ஐதரசன் பரவொட்சைட்டும் கிருமிகளை அடக்குகின்றன, தோல் காயங்களுக்கென்று கதிர்வீச்சால் கிருமியகற்றிய மருத்துவத் தேன் பயன்பாட்டில் உள்ளது. போத்தலில் அடைத்த காட்டுத் தேன் அத்தகையதன்று. அதில் பற்றீரிய வித்திகள் இருக்கலாம். அதைவிட நடைமுறையான தடை, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சீனியாக உள்ள ஒன்றை, வேர் வெளித்தெரியும் பற்களுக்கு அருகே, துலக்க முடியாத வாரங்களில் நாளுக்குப் பலமுறை தடவுவதுதான். மஞ்சள் தூள் காயத்தில் துகளாகத் தங்கும். வெற்றிலை போடுபவர்களுக்குச் சுண்ணாம்பின் காரம் கராம்பு எண்ணெயைப் போலவே பொசுக்கும் என்பதையும், பாக்கின் கூர்த்துகள்கள் காயத்தைக் கீறும் என்பதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே சொல்ல வேண்டும். அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் அந்தக் கேள்வியைத் தவறவிடக் கூடாது. இளஞ்சூட்டு உப்புநீர் மட்டும் எவருக்கும் தீங்கு செய்யாது, அதுவும் முதல் நாள் கழிந்த பின்; முதல் நாளில் பலமாகக் கொப்பளித்தால் குருதிக் கட்டி கழன்றுவிடும்.

மூன்று மாதங்களின் பின்

ஒட்டு முழுவதாகப் பிடித்திருந்தது. 6 மில்லிமீற்றராக வைக்கப்பட்டது ஏறக்குறைய நாலரை மில்லிமீற்றராகச் சுருங்கியிருந்தது. இத்தகைய ஒட்டுகளில் இந்தளவு சுருக்கம் எதிர்பார்க்கப்படுவதே. உதட்டை இழுத்தபோது முரசின் விளிம்பு அசையவில்லை. துலக்கும்போது எரிவில்லை, ஊத்தையும் இல்லை. அண்ணத்தில் காயம் இருந்த இடம் விரலால் தடவினால் மட்டும் தெரியும் சிறு தாழ்வாக எஞ்சியிருந்தது. உணர்வு வழமையாக இருந்தது. கராம்பு எண்ணெய் பட்ட இடத்தில் வடு இல்லை.

மேல்தாடையில் இடது வேட்டைப் பல்லிலும் முரசு இறங்கியிருப்பதை அவரே இப்போது கவனித்திருக்கிறார். சிரிக்கும்போது தெரியும் இடமாதலால் அங்கே இணைப்பிழையத்தை மட்டும் எடுக்கும் முறை திட்டமிடப்பட்டுள்ளது. அதற்கான பிளேட் முன்பகுதி வெட்டப்பட்ட நிலையிலேயே தயாரிக்கப்பட்டு, வகுப்பில் பேசிப் பார்ப்பதற்காகச் சத்திரசிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னரே அவரிடம் கொடுக்கப்படும்.